ஐ.நா. மின் நூலகம்: ஜயந்த தனபாலவின் வாழ்நாள் பணியைத் தேடிப் படிப்பவருக்கு எந்த அளவு உதவுகிறது?

ஐக்கிய நாடுகள் சபையின் மின் நூலகம், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ஆவணச் சேவை. நியூயார்க்கிலுள்ள டாக் ஹமர்ஷோல்ட் நூலகமும் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. நூலகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. பொதுச் சபை, பாதுகாப்புச் சபை ஆகியவற்றின் தீர்மானங்கள், வாக்களிப்பு விவரங்கள், கூட்டப் பதிவுகள், பொதுச் செயலாளரின் அறிக்கைகள், மாநாட்டு ஆவணங்கள் எனப் பல பத்தாண்டுகளின் ஏடுகள் இதில் உள்ளன. இவ்வளவு பெரிய சேவையைப் பொதுப்பட மதிப்பிடுவதில் பயனில்லை. குறிப்பிட்ட ஒரு தேவையோடு உள்ளே சென்று, அத்தேவை எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. நான் எடுத்துக்கொண்ட தேவை இதுதான்: அணு ஆயுத ஒழிப்புத் துறையில் ஆசியா தந்த தலைசிறந்த நிபுணர்களில் ஒருவரான இலங்கையின் ஜயந்த தனபால என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை, பிறர் எழுதிய இரங்கலுரைகளையும் புகழுரைகளையும் நம்பியிராமல், அவர் பணியாற்றிய அவைகளின் ஏடுகளைக் கொண்டே அறிய முடியுமா?

அவருடைய வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938 டிசம்பர் 30 அன்று பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் படித்து, 1965இல் இலங்கை வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். 1984 முதல் 1987 வரை ஜெனீவாவில் இலங்கையின் தூதர். 1987 முதல் 1992 வரை ஐ.நா. ஆயுதக் களைவு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். 1995 முதல் 1997 வரை அமெரிக்காவுக்கான தூதர். 1998 முதல் 2003 வரை ஆயுதக் களைவு விவகாரங்களுக்கான ஐ.நா. துணைப் பொதுச் செயலாளர். அணு ஆயுதங்களுக்கு எதிராக அறிவியலாளர்கள் 1957இல் தொடங்கிய பக்வாஷ் அமைப்பின் தலைவராக 2007 முதல் 2017 வரை இருந்தார். 2023 மே 27 அன்று காலமானார். இந்தப் பட்டியலை எந்தக் கலைக்களஞ்சியமும் தந்துவிடும். ஆனால் இத்தனை பதவிகளில் இருந்த ஒருவர் காலையில் அலுவலகம் சென்று உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைப் பதவிப் பட்டியல் ஒருபோதும் சொல்லாது. ஆயுதக் களைவு நிபுணரின் தொழில் பெரும்பாலும் வாசகங்களோடும் நடைமுறை விதிகளோடும் நடக்கும் தொழில்; ஆகவே அந்த வாசகங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் இடமே அவருடைய தொழிற்கூடம் என்று நினைத்துத்தான் இந்நூலகத்துக்குச் சென்றேன்.

புதிதாக வருபவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது ஆவணக் குறியீடு. ஐ.நா. வெளியிடும் ஒவ்வொரு ஆவணத்தின் மேல் மூலையிலும் எழுத்துகளும் எண்களும் சாய்கோடுகளும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். ‘ஏ’ என்று தொடங்கினால் பொதுச் சபை, ‘எஸ்’ என்று தொடங்கினால் பாதுகாப்புச் சபை. ‘சி.1’ என்பது ஆயுதக் களைவையும் சர்வதேசப் பாதுகாப்பையும் விவாதிக்கும் முதலாம் குழு. ‘எல்.’ என்று இருந்தால் அது இன்னும் நிறைவேறாத வரைவு, ‘ரெவ்.’ சேர்ந்தால் திருத்தப்பட்ட வரைவு. ‘பி.வி.’ என்பது பேசியதைச் சொல்லுக்குச் சொல் தரும் பதிவு, ‘எஸ்.ஆர்.’ என்பது பேச்சின் சாரத்தைப் படர்க்கையில் தரும் சுருக்கப் பதிவு. இந்த ஆறேழு அடையாளங்களைத் தெரிந்துகொண்டவருக்குத் தேடுபெட்டியில் குருட்டாம்போக்கில் சொற்களைத் தட்டிக்கொண்டிருக்கும் வேலை பெருமளவு குறைந்துவிடும். குறியீட்டைப் பார்த்தவுடனே அந்தத் தாள் எந்த மேசையிலிருந்து வந்தது, அது எவ்வளவு முதிர்ந்த நிலையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும். வரைவையும் அதன் திருத்தப்பட்ட பதிப்பையும் அருகருகே வைத்து எந்த வினைச்சொல் மென்மையாக்கப்பட்டது, எந்தக் காலக்கெடு நீக்கப்பட்டது என்று பார்ப்பதைப் போல இத்துறையைக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை என்பேன்.

பொதுச் சபையின் முதல் தீர்மானத்தையே திறந்து பாருங்கள். 1946 ஜனவரி 24 அன்று இலண்டனில் கூடியபோது நிறைவேற்றப்பட்ட அத்தீர்மானம், அணுசக்தி எழுப்பும் பிரச்சினைகளை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. தேசிய ஆயுதக் கிடங்குகளிலிருந்து அணு ஆயுதங்களை நீக்குவதற்கான வழிகளைக் கூறும்படியும் அதைப் பணித்தது. ஐ.நா. எடுத்த முதல் முடிவே அணு ஆயுதத்தைப் பற்றியது என்பதை மேற்கோளாகக் கேட்டிருப்போம். அந்தத் தாளையே கண்முன் வைத்து வாசிக்கும்போது, தனபால போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் எந்தக் கடனைத் தீர்க்கப் பாடுபட்டார்கள் என்பது உறைக்கிறது.

இனி, இச்சேவையின் உண்மையான மதிப்பை எனக்குக் காட்டிய பகுதிக்கு வருகிறேன். 1995 ஏப்ரல் 17 முதல் மே 12 வரை நியூயார்க்கில் நடந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்த மறுஆய்வு மற்றும் நீட்டிப்பு மாநாடுதான் தனபாலவின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது. ஐந்து நாடுகளைத் தவிர மற்றவை அணு ஆயுதம் பெறுவதைத் தடைசெய்து, அந்த ஐந்தையும் ஆயுத ஒழிப்புக்காகப் பேசக் கடமைப்படுத்தும் அவ்வொப்பந்தம் 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாவது சரத்தின் இரண்டாம் பத்தி, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாநாட்டைக் கூட்டி, ஒப்பந்தம் காலவரையின்றி நீடிப்பதா, அல்லது குறிப்பிட்ட கால அளவுக்கோ கால அளவுகளுக்கோ நீடிப்பதா என்பதை உறுப்பு நாடுகளின் பெரும்பான்மையால் முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. தலைவராக அமர்ந்த தனபாலவுக்கு முன்னால் இருந்த சிக்கல், பெரும்பான்மை கிடைக்குமா என்பது அன்று. காலவரையற்ற நீட்டிப்பைக் கோரிய கனடாவின் வரைவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தன. வாக்கெடுப்பு நடத்தினால் வென்றுவிடலாம். ஆனால் அணு ஆயுதம் வைத்திருப்பவர்களுக்கு அதை நிரந்தர உரிமையாக எழுதிக்கொடுத்ததாகவே தோற்றவர்கள் கருதுவார்கள். அதன்பின் ஒப்பந்தத்தில் மனமின்றி நிற்பவர்களின் எண்ணிக்கை பெருகும்.

மாநாட்டின் இறுதி ஆவணம் மூன்று பகுதிகளாக வெளியிடப்பட்டிருக்கிறது. இரண்டாம் பகுதியிலுள்ள வரைவுகளை எண் வரிசையில் படித்தால் ஒரு நாடகம் விரிகிறது. ‘எல்.1’ மெக்சிகோவின் வரைவு: நீட்டிப்பை ஏற்றுக்கொண்டு, ஆயுத ஒழிப்புக் கடமைகளையும் அதனோடு வலியுறுத்துகிறது. ‘எல்.2’ கனடாவும் அதன் துணையாளர்களும் தந்தது: சுருக்கமானது, காலவரையற்ற நீட்டிப்பு ஒன்றை மட்டுமே கேட்பது. ‘எல்.3’ இந்தோனேசியாவும் வேறு சில அணிசேரா நாடுகளும் தந்தது: இருபத்தைந்து ஆண்டுக் காலங்களாகத் தொடரும் நீட்டிப்பைக் கேட்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதி நிற்கும் இடத்தில், தலைவரின் பெயரில் ‘எல்.4’, ‘எல்.5’, ‘எல்.6’ என்று மூன்று தாள்கள் வருகின்றன. முதலாவது, மறுஆய்வு முறையை வலுப்படுத்துவது பற்றியது. இரண்டாவது, அணு ஆயுதப் பரவல் தடைக்கும் அணு ஆயுத ஒழிப்புக்கும் உரிய கோட்பாடுகளும் இலக்குகளும் பற்றியது. தான் உருவாக்கிய அணு ஆயுதங்களைத் தானே அழித்துவிட்டு 1991இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த தென்னாப்பிரிக்கா முன்வைத்த யோசனையின் வழியில் உருவானது. மூன்றாவதுதான் நீட்டிப்பு. மூன்றும் பிரிக்க முடியாத ஒரே தொகுப்பாக முன்வைக்கப்பட்டன. தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள எந்த நாட்டுக்கும் இடமில்லை.

நீட்டிப்பு முடிவின் வாசகத்தை மிக அருகில் சென்று பார்க்க வேண்டும். ‘காலவரையின்றி நீட்டிக்க முடிவுசெய்கிறோம்’ என்று அது வெறுமனே சொல்லவில்லை. காலவரையற்ற நீட்டிப்புக்கு உறுப்பு நாடுகளிடையே பெரும்பான்மை இருப்பதால், பத்தாவது சரத்தின் இரண்டாம் பத்திப்படி ஒப்பந்தம் காலவரையின்றி நடைமுறையில் இருக்கும் என்று முடிவுசெய்கிறது. பெரும்பான்மை இருக்கிறது என்ற உண்மையை மாநாடு பதிவுசெய்கிறது. ஒவ்வொரு நாடும் தானே அதற்கு ஆதரவளித்ததாக அது சொல்லவில்லை. எதிர்த்து நின்ற நாடு தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல், மறுப்பும் தெரிவிக்காமல், இருக்கையில் அமர்ந்திருக்க அந்த வாசகம் வழிவிட்டது. 1995 மே 11 அன்று, இஸ்ரேலின் அண்டை நாடுகளுடைய கவலைக்குப் பதிலாக, மத்திய கிழக்கில் அணு ஆயுதமற்ற வலயத்தைக் கோரிய தீர்மானத்தோடு சேர்த்து, இவை அனைத்தும் வாக்கெடுப்பின்றி நிறைவேறின. நிறைவேறிய பிறகு மலேசியா, நைஜீரியா, ஈரான் முதலான நாடுகளும் பல அரபு நாடுகளும் எழுந்து தம் மனக்குறையைப் பதிவுசெய்தன. மூன்றாம் பகுதியில் அதையும் படிக்கலாம். படிக்கவும் வேண்டும், ஏனென்றால் அந்த உரைகளைப் படிக்காதவருக்கு ஒருமித்த கருத்து எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பது தெரியாது. அதே மாநாட்டில், கடந்த ஐந்தாண்டுகளின் செயற்பாட்டை மறுஆய்வு செய்யும் அறிக்கையில் உடன்பாடு ஏற்படவில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. தனபாலவைப் போற்றும் பல கட்டுரைகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஏடுகள் விடுவதில்லை.

இவ்வளவையும் ஒரு வாசகர் தன் வீட்டிலிருந்தே, எவரிடமும் அனுமதி கேட்காமல், மூல ஆவணத்தின் வடிவிலேயே படிக்க முடிகிறது என்பது சாதாரணக் காரியம் அல்ல. இச்சேவைக்கு நான் தரும் முழு மதிப்பெண் இதற்கே.

வாக்களிப்பு விவரங்களைத் தேடும் வசதி தனியே குறிப்பிடத்தக்கது. பொதுச் சபையிலும் பாதுகாப்புச் சபையிலும் பதிவு வாக்கெடுப்பு நடந்த தீர்மானங்களுக்கு, எந்த நாடு ஆதரித்தது, எது எதிர்த்தது, எது ஒதுங்கி நின்றது என்ற பட்டியல் கிடைக்கிறது. 1995 மாநாட்டின் கோட்பாடுகள் பற்றிய முடிவு, முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை 1996க்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. அதன் தொடர்ச்சியாக 1996 செப்டம்பர் 10 அன்று பொதுச் சபை அவ்வொப்பந்தத்தை ஏற்றபோது 158 நாடுகள் ஆதரித்தன, ஐந்து ஒதுங்கின, இந்தியா, பூட்டான், லிபியா ஆகிய மூன்றும் எதிர்த்தன. ஒப்பந்தத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்தப் பட்டியலையும் அன்றைய கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவையும் சேர்த்துப் படித்துவிட்டு வாதாடினால், நம் மொழியில் இவ்விவாதத்தின் தரம் உயரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வாக்குப் பட்டியலையே முழு வரலாறு என்று எண்ணிவிடக் கூடாது. தனபாலவின் மிகப் பெரிய சாதனை வாக்கெடுப்பைத் தவிர்த்தது. ஆகையால் எந்த வாக்குப் பட்டியலிலும் அது வராது.

பின்வந்த ஆண்டுகளுக்கும் ஏடுகள் நன்றாகவே துணைநிற்கின்றன. 1998 பிப்ரவரி 23 அன்று ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானும் ஈராக்கின் துணைப் பிரதமர் தாரிக் அஜீஸும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, எட்டு அதிபர் மாளிகை வளாகங்களைச் சோதனையிட ஒரு சிறப்புக் குழுவை உருவாக்கியது. ஆயுத ஆய்வாளர்களோடு மூத்த தூதர்களும் உடன்செல்ல வகைசெய்த அக்குழுவுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் தனபாலதான். ஒரு நாட்டின் இறைமையை மதித்துக்கொண்டே அதன் அறைகளைத் திறந்து பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு அந்த உடன்படிக்கை ஒரு பாடம். அவர் துணைப் பொதுச் செயலாளராக இருந்தபோது பரவல் தடை ஒப்பந்தத்தின் 2000ஆம் ஆண்டு மறுஆய்வு மாநாடு, அணு ஆயுத ஒழிப்புக்கான பதின்மூன்று நடைமுறைப் படிகளை ஏற்றது. 2001இல் சிறு ஆயுதங்கள் பற்றிய செயல்திட்டம் உருவானது. இவற்றின் மூல ஆவணங்களும் படிக்கக் கிடைக்கின்றன.

குறைகளை இனி சொல்ல வேண்டும். இவற்றில் பல, சேவையை நடத்துபவர்களின் குறைகள் அல்ல. ஏடு என்பதன் இயல்பிலேயே உள்ளவை. 1995இல் தனபால ஏறத்தாழ இருபத்தைந்து நாடுகளின் பிரதிநிதிகளைத் தனியே கூட்டி நடத்திய ‘தலைவரின் ஆலோசனைகள்’தான் அந்தத் தொகுப்பு முடிவின் பட்டறை. முறைசாராக் கூட்டங்களுக்குப் பதிவு எழுதப்படுவதில்லை. ஆகவே ‘எல்.3’க்கும் ‘எல்.4’க்கும் இடையே என்ன நடந்தது, யார் யாரிடம் என்ன கேட்டார், தலைவர் எந்த இடத்தில் பொறுமையாக இருந்தார், எந்த இடத்தில் அழுத்தம் கொடுத்தார் என்பதற்கு இங்கே விடை கிடையாது. நிபுணர் ஒருவரின் திறமை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப, மாநாட்டைப் பற்றி அவரே எழுதி, ஐ.நா. ஆயுதக் களைவு ஆய்வு நிறுவனம் 2005இல் வெளியிட்ட நூலை உடன்வைத்துப் படிக்க வேண்டும். அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறார் என்ற கவனத்தோடு படித்தால் போதும்.

2006இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு அவர் போட்டியிட்டு, பாதுகாப்புச் சபையின் முன்னோட்ட வாக்கெடுப்புகளுக்குப் பின் விலகிக்கொண்டதும் இப்படித்தான். அவ்வாக்கெடுப்புகள் முறைசாராதவை, கூட்டப் பதிவுகளில் தேடிப் பயனில்லை.

தமிழ் வாசகருக்கு இதைவிடப் பெரிய வெற்றிடம் ஒன்று உண்டு. 2004–2005இல் தனபால இலங்கை அரசின் சமாதானச் செயலகத்துக்குத் தலைமை தாங்கினார். நோர்வேயின் அனுசரணையோடு 2002இல் கையெழுத்தான போர்நிறுத்தம் தள்ளாடிக்கொண்டிருந்த காலம். ஆழிப்பேரலை வடக்கையும் கிழக்கையும் தெற்கையும் வாரிச் சென்ற காலம். நிவாரணத்தை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து பகிர்வதற்கான கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தாகி, அடுத்த மாதமே அதன் முக்கியமான பிரிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த காலம். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே வாசகத்தின் கீழ் அமரவைத்த மனிதர், தன் நாட்டில் இரண்டு தரப்புகளுக்கு நடுவே, அதுவும் ஒரு தரப்பின் அதிகாரியாக, என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்ற கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் ஐ.நா. நடுவராக இருக்கவில்லை, ஆகவே இந்நூலகத்தில் அவருடைய வாழ்வின் அந்த அத்தியாயம் ஏறக்குறைய வெற்றுத்தாள். அவரை முழுமையாக மதிப்பிட விரும்புபவர் இங்கே நின்றுவிடக் கூடாது. அக்காலத்துத் தமிழ், சிங்கள, ஆங்கில நாளேடுகளைத் தேடிச் செல்ல வேண்டும்.

மொழி அடுத்த தடை. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் என்ற ஆறு அலுவல் மொழிகளுக்கே இங்கு பெரும்பாலும் இடம். தீர்மானங்களின் நடையோ ஆங்கிலம் நன்கு தெரிந்தவரையே சோர்வடையச் செய்வது: ஒரே வாக்கியம் பக்கக்கணக்கில் நீளும், முகவுரைப் பத்திகள் முழுவதும் நினைவுகூர்தலும் வரவேற்றலும் கவலை தெரிவித்தலுமாகச் செல்லும், செயற்பத்திகள் எண்ணிட்டு வரும்போதுதான் விஷயம் பிடிபடும். செயற்பத்திகளை முதலில் படித்துவிட்டுப் பிறகு முகவுரைக்குத் திரும்புவது என் வழக்கம். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகள் உள்ள தெற்காசியாவில் வாழும் நம் மக்களுக்கு, குறைந்தபட்சம் பரவல் தடை ஒப்பந்தம், சோதனைத் தடை ஒப்பந்தம், 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவோடு ஏற்கப்பட்ட அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஆகிய மூன்றின் முழு வாசகமும் நல்ல தமிழில் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதை ஐ.நா.விடம் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் அரசறிவியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் சேர்ந்தால் செய்து முடிக்கலாம்.

காலம் பற்றியும் ஒரு சொல். இந்நூலகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய மற்றொரு ஐ.நா. சேவையான அலுவல் ஆவணத் தொகுப்பில் 1993க்குப் பிந்தையவை முறையாக உள்ளன. முந்தையவை படிப்படியாகவே மின்னுருவாக்கப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன. தீர்மானங்கள் மட்டும் 1946 முதலே கிடைக்கும். எனவே எண்பதுகளில் தனபால ஜெனீவாவில் தூதராக இருந்தபோது ஆற்றிய உரைகளைத் தேடுபவர் கூடுதல் பொறுமையோடு செல்ல வேண்டும். தேடியது அகப்படாவிட்டால் நூலகர்களிடமே கேள்வி கேட்கும் வசதி உண்டு. ஒப்பந்தங்களில் எந்த நாடு எப்போது சேர்ந்தது என்பதற்கு ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு என்னும் தனிச் சேவையை நாட வேண்டும். தனபால மறைந்த அதே 2023ஆம் ஆண்டில், ஜூலை மாதம் இலங்கை சோதனைத் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்ததையும், செப்டம்பரில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்ததையும் அங்கே காணலாம்.

யாருக்கு இச்சேவையைப் பரிந்துரைப்பேன்? சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவருக்கும், வெளியுறவுப் பணியை நாடுபவருக்கும், அணு ஆயுதம் பற்றித் தமிழில் எழுதும் இதழாளருக்கும் தயங்காமல். இத்துறையைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞர் இரண்டு ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று, 1978இல் நடந்த ஆயுதக் களைவுக்கான முதல் சிறப்புக் கூட்டத்தொடரின் இறுதி ஆவணம்; ஆண்டுதோறும் இளம் அரசதந்திரிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் கூட அழைத்துச் செல்லும் ஐ.நா. ஆயுதக் களைவுப் பயிற்சித் திட்டம் அக்கூட்டத்தொடரில்தான் பிறந்தது. மற்றொன்று, தனபாலவின் பதவிக்காலத்தில், 2002இல், பொதுச் சபைக்கு அளிக்கப்பட்ட ஆயுதக் களைவுக் கல்வி பற்றிய ஆய்வறிக்கை. ஆசிரியர்களும் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 34 பரிந்துரைகளைத் தருகிறது. அவற்றை முடித்த பிறகு 1995 மாநாட்டின் ‘எல்.1’ முதல் ‘எல்.6’ வரையிலான ஆறு தாள்களை வரிசையாகப் படியுங்கள். நீட்டிப்பு முடிவின் வாசகத்துக்கு வரும்போது, அதற்கு மாற்றாக வேறு எந்த வாசகத்தை எழுதியிருந்தால் ‘எல்.3’ஐத் தந்த ஜகார்த்தாவும் காலவரையற்ற நீட்டிப்பைக் கோரிய வாஷிங்டனும் ஒரே நேரத்தில் மறுப்பின்றி இருந்திருக்கும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.